எல்க் கறியை வீட்டுக்குக் கொண்டுவர: காரா, விமானமா?

அமெரிக்காவின் கொலராடோவில் வேட்டையாடிய பெண் எல்க் மானில் எலும்பு நீக்கிய பின் 60-70 கிலோ கறி தேறும்.

காருக்கு 120 குவார்ட் (சுமார் 114 லிட்டர்) ஐஸ்பெட்டி இரண்டு போதும். இரவுக் குளிரில் தொங்கவிட்டு நன்றாக ஆறிய பிறகே அடுக்குங்கள். சூட்டோடு அடைத்த தொடைக்கறி எலும்பையொட்டிக் கெட்டு நாறும். வடிகுழாய் திறந்தே இருக்கட்டும். உருகிய நீரில் ஊறினால் கறி வெளுத்துச் சவசவத்துவிடும்.

விமானமென்றால் கல்லாக உறையவைக்க இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். ஒரு பெட்டிக்கான 23 கிலோ வரம்பில் பெட்டியின் எடையும் அடக்கம். ஆக, நான்கு பெட்டிக்குக் கட்டணம். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஆளுக்கு 2.5 கிலோதான், அதுவும் நிறுவனத்தின் அனுமதியோடு. வாயு வெளியேற வழி விடாமல் மூடியை ஒட்டக்கூடாது.

கறிதான் நோக்கமென்றால், ஒன்றரை நாள் ஓட்டினாலும் காரே லாபம். எதில் வந்தாலும் மண்டை, முதுகெலும்பு வேண்டாம்: மான்களின் நாட்பட்ட மெலிவு நோய்க்கு அஞ்சிப் பல மாநிலங்கள் அவற்றை உள்ளே விடுவதில்லை.