முதல் குண்டு எது, அடுத்த குண்டு எது: பெரிய துளை ரைஃபிளுக்கான அலசல்

தமிழில் தோட்டா, குண்டு என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிடுகிறோம். இங்கே இரண்டையும் பிரித்துக்கொள்வோம். பித்தளைக் கூடு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டுப் பறந்து விலங்கின் உடலில் இறங்குவது குண்டு. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டா (1912), .416 ரிக்பியா (1911), .458 வின்செஸ்டர் மேக்னமா (1956) என்று வேட்டைக்காரர்கள் விடிய விடிய வாதாடுவது தோட்டாவைப் பற்றி. ஆப்பிரிக்கக் காட்டெருமை விழுமா, காயத்தோடு புதருக்குள் போய்க் காத்திருக்குமா என்பது பெரும்பாலும் குண்டின் கையில்தான் இருக்கிறது.

அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். .375 குண்டின் விட்டம் 0.375 அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். உள்ளே போனதும் அது காளான்போல விரிந்து இரு மடங்கானால், முகப்பின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். காயம் பெரிதாகும், ஆழம் குறையும். விரியவே விரியாத குண்டு ஆழமாகப் போகும், ஆனால் துளை சிறிது. எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்தக் கயிற்றின் மேல்தான் நடக்கிறார்கள்.

சாதாரண சாஃப்ட் பாயிண்ட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம், இரண்டுக்கும் பிணைப்பு கிடையாது. மானுக்கு அருமையானது. எருமையின் தோள் எலும்பில் மோதினால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். கிட்டத்தில் சுட்டால் குண்டுக்கு வேலை சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. முப்பது மீட்டரில் வேகம் ஏறக்குறைய முழுதாக இருக்கும். குண்டு சிதறுவதற்கு அதுவே தோதான தூரம். ஆபத்தான விலங்குகளைச் சுடுவதும் அந்தத் தூரத்தில்தான்.

உண்மையான போட்டி அடுத்த மூன்றுக்குள். நாஸ்லர் பார்ட்டிஷன் மூத்தது. 1946-ல் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றை வீழ்த்த முடியாமல் தன் குண்டுகள் சிதறியதைப் பார்த்த ஜான் நாஸ்லர், நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்து இதைச் செய்தார். முன்பாதி விரிந்து தேயும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். முன்பக்கத்து ஈயம் பெருமளவு உதிர்ந்துவிடுவதுதான் குறை. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் அதே சுவரை வைத்துக்கொண்டு, முன்பக்கத்து ஈயத்தை உறையோடு பிணைத்துவிடுகிறது. எடை அதிகம் இழக்காமல் அகலமாக விரியும். பெரும்பாலும் மறுபக்கத்துத் தோலுக்கு அடியில் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் உட்லீ வெல்ட்கோரும் பிணைப்புக் குண்டுதான். ஆனால் அதில் சுவர் கிடையாது.

மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச்செம்பு. 1989-ல் வந்த பார்ன்ஸ் எக்ஸ் இதற்கு வழி போட்டது. பழைய எக்ஸ் குழலில் செம்பைப் பூசிவிடுகிறது என்ற புகார் இருந்தது. பின்னால் வந்த டி.எஸ்.எக்ஸில் உடலைச் சுற்றிப் பள்ளம் வெட்டி அதைக் குறைத்தார்கள். நான்கு இதழாக விரியும், எடை கிட்டத்தட்ட குறையாது. செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். கூட்டுக்குள் மருந்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே .375-ல் 300 கிரெயின் (19.4 கிராம்) தேடாமல் 270 கிரெயினோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். எடை உதிராத குண்டுக்கு, உதிர்வதை ஈடுகட்டும் கூடுதல் எடை எதற்கு? கலிபோர்னியா போல ஈயக் குண்டை வேட்டையில் முழுக்கத் தடைசெய்த இடங்களில் (2019 ஜூலை முதல்) இந்த வகைதான் வழி.

தனியாக நிற்கும் எருமை என்றால் நான் செம்பை எடுப்பேன். மந்தை என்றால் ஏ-ஃபிரேம். செம்பு ஒரு எருமையைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்திவிடலாம். அந்த இரண்டாவது எருமையையும் தேடிப் போய் முடிக்க வேண்டியது சுட்டவர்தான்.

சாலிட் என்கிற விரியாத குண்டு வேறு கணக்கு. யானையின் மூளையை எட்டத் தேன்கூடு போன்ற தடித்த மண்டையோட்டைக் கடக்க வேண்டும். விரியும் குண்டுக்கு அங்கே இடமில்லை. டபிள்யூ. டி. எம். பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார்; அவற்றில் பலவற்றை 7 மில்லிமீட்டர் ரைஃபிளின் உறையிட்ட குண்டால். அவர் துல்லியம் அவருக்கு. அதைக் காட்டி நாம் சின்ன ரைஃபிளைத் தூக்க வேண்டாம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சட்டமே .375-க்குக் குறையக் கூடாது என்கிறது.

சாலிட்டிலும் பழையது, புதியது உண்டு. எஃகு உறைக்குள் ஈயம் வைத்த உருண்டை மூக்குக் குண்டு கனமான எலும்பில் வளையலாம், திசை மாறலாம். முழுக்கப் பித்தளையில் கடைந்த தட்டை மூக்குக் குண்டு நேராகப் போகும். தட்டை முகம் திசுவைப் பக்கவாட்டில் தள்ளி, குண்டைச் சுற்றி ஒரு வெற்றிடம் உண்டாக்குவதால் அது புரளாது. ஆனால் மெல்லிய குழல் கொண்ட பழைய இரட்டைக்குழல் ரைஃபிளில் கடினமான பித்தளையைப் போடுமுன் துப்பாக்கிக் கம்மியரிடம் கேட்டுவிடுங்கள்.

எருமைக்குப் பழைய வழக்கம்: முதலில் விரியும் குண்டு, அடுத்தவை சாலிட். முதல் வேட்டுக்குப் பிறகு விலங்கு பெரும்பாலும் முதுகைக் காட்டி ஓடும். ஈரப் புல் நிறைந்த வயிற்றைக் கடந்து நெஞ்சை எட்ட வேண்டும். நல்ல பிணைப்புக் குண்டு வந்த பிறகும் இந்த வழக்கத்தை விட எனக்கு மனமில்லை.

இரண்டு வகையையும் சேர்த்து எடுத்துப் போகிறவர், ஐம்பது மீட்டரில் இரண்டும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று சுட்டுப் பார்க்க வேண்டும். தட்டை மூக்கு சில போல்ட் ரைஃபிள்களில் (கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து ஏறும்போது இடறும். மேகசினை நிரப்பி, அவசரத்தில் இழுப்பதுபோலவே போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பத்தில் ஒன்று சிக்கினாலும் அந்தக் குண்டு உங்கள் ரைஃபிளுக்கு வேண்டாம்.