சூரியன் எந்தப் பக்கம் மறையும்? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்து, புரட்டாசி பிறந்ததும் காரைக்குடியிலிருந்து பாலிக்குப் போய்வந்த ஒரு தம்பதிக்கு நடந்தது இது. ஏஜென்சியின் பெயர் வேண்டாம். இதே வாசகம் அச்சடித்த வவுச்சர் யார் கையிலும் இருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறோம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக பாலியின் தலைநகர் தென்பசார், 5 இரவு. அதில் தனி வரியாக, ‘ரொமான்டிக் சன்செட் டின்னர் குரூஸ், 2 பேர், ரூ.18,000’. மாப்பிள்ளையின் அப்பாவிடம் ஏஜென்ட் வாயால் சொன்னது: “தனிப் படகு மாதிரிதாண்ணே. கேண்டில் லைட், கடலுக்கு நடுவுல சாப்பாடு. எல்லாம் இன்க்ளூடட்.” பெரியவர்கள் மகிழ்ந்து, கேட்ட பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள்.

கிடைத்தது என்ன? மாலை 5.45-க்கு பெனோவா துறைமுகத்தில் வரிசை. இரண்டு பஸ் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு பெரிய கப்பல். கப்பல் கிளம்பியது 6.30-க்கு. அந்த மாதத்தில் பாலியில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.15. கயிறு அவிழ்க்கும் முன்பே, கரையில் இருந்த கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. இடம் கீழ்த்தளத்தில், கண்ணாடி ஜன்னலிலிருந்து மூன்றாவது வரிசை மேஜை. புரட்டாசி என்பதால் இருவருக்கும் சைவம் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பஃபேயில் வெள்ளைச் சோறும் பழத்துண்டுகளும்தான் மிஞ்சின. குடித்த இரண்டு ஜூஸுக்குத் தனி பில், அதில் வரி வேறு. கவுன்டரில் ஒட்டியிருந்த கட்டணப்படி பார்த்தால் இரண்டு சீட்டுக்கும் சேர்த்து இவர்கள் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. ஊர் திரும்பிக் கேட்டபோது வந்த பதில்: “குரூஸ் போனீங்கள்ல? டின்னர் சாப்பிட்டீங்கள்ல?”

அந்தப் பதிலுக்கு எதிராகக் காட்ட அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. வவுச்சரில் இருந்த சொற்கள் எதுவுமே எதையும் உறுதி சொல்லவில்லை. படகு என்ன வகை, எந்தத் துறை, எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த மேஜை, என்ன சாப்பாடு, ஒன்றும் இல்லை. ஏமாற்று நடப்பது அந்த வெற்றிடத்தில்தான்.

முதலில் திசை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் தொண்டிக் கடல்தான். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், கரைப் பக்கம் மறையும். பாலியின் பெனோவாவும் அப்படித்தான். தீவின் தெற்கே ஒடுங்கிய கழுத்து மாதிரி ஒரு நிலத்துண்டு இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தில் பெனோவா, மேற்குப் பக்கத்தில் ஜிம்பரான், குத்தா கடற்கரைகள். பெனோவாவிலிருந்து கிளம்பி அந்த விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிவரும் கப்பலில் இருந்தால் சூரியன் நிலத்துக்குப் பின்னால்தான் போகும். கடலுக்குள் இறங்கும் சூரியன்தான் வேண்டும் என்றால் ஜிம்பரான் மணலில் மேஜை போட்டுச் சாப்பாடு போடும் இடங்களே போதும். படகுச் செலவே இல்லை. தாய்லாந்தின் ஃபூகெட்டில் சாலோங் துறை தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் படகு தென்முனையான ப்ரோம்தெப் முனைப் பக்கம் போகுமா, எத்தனை மணிக்கு அங்கே நிற்கும் என்று கேட்க வேண்டும். கூகுள் மேப்பில் துறையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேற்கே நிலம் இருந்து, படகும் அதைத் தாண்டிப் போகாது என்றால் ‘சன்செட்’ என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கடிகாரம். ஏமாறுவது இதில்தான் அதிகம். நம்மூரில் சூரியன் மறைவது பருவத்தைப் பொறுத்து 5.50-லிருந்து 6.40-க்குள். வெளியூரிலும் அப்படியே இருக்கும் என்று நாமும் நினைக்கிறோம், ஏஜென்டும் நினைக்கிறார். அந்தமானுக்கும் நம் கடிகாரம்தான், ஆனால் நிலம் வெகு கிழக்கே இருக்கிறது. அதனால் டிசம்பரில் போர்ட் பிளேரில், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ‘சன்செட் குரூஸ், மாலை 5.30’ என்று வவுச்சரில் இருந்தால் ஏறுவது இருட்டில்தான். லங்காவியில் இது தலைகீழ். மலேசியக் கடிகாரம் அந்தத் தீவின் இடத்துக்குப் பொருந்தாமல் முன்னால் ஓடுவதால் சூரியன் மறைய 7 மணிக்கு மேல் ஆகும், சில மாதங்களில் 7.40 தாண்டும். ‘4 முதல் 6.30’ என்று போட்ட படகு நல்ல வெயிலிலேயே கரைக்குத் திரும்பிவிடும். ஃபூகெட்டில் 6-க்கும் 6.50-க்கும் இடையில். பாலியில் 6-லிருந்து 6.45-க்குள். நீங்கள் போகும் தேதியையும் ஊரையும் போட்டு மறையும் நேரத்தைப் போனிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வெப்பமண்டலத்தில் சூரியன் சாய்வாக நழுவாமல் ஏறக்குறைய நேராக விழும். தொடுவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டரை நிமிடம் ஆனால் அதிகம். அதற்குப்பின் வானத்தில் நிறம் இருப்பது இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆகவே படகு துறையை விட்டுக் கிளம்பும் நேரம் மறையும் நேரத்துக்குக் குறைந்தது 45 நிமிடம் முன்பாக இருக்க வேண்டும். வவுச்சரில் இருப்பது பெரும்பாலும் ஏறும் நேரம், கிளம்பும் நேரம் அல்ல. இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி வரிசையில் போகும். இந்தத் தம்பதிக்குப் போனதும் அதுதான்.

மாதத்தைப் பற்றி முகூர்த்தம் குறிக்கும்போதே யோசிக்கலாம். தை மாதக் கல்யாணம் என்றால் ஃபூகெட், லங்காவி இரண்டும் அமைதியான கடல். பாலியில் அது மழைக்காலம். வைகாசி, ஆவணி என்றால் பாலி நல்ல வெயில். ஆனால் தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஃபூகெட் அருகே 2018 ஜூலை 5 அன்று சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 47 பேர் இறந்ததும் அந்தப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் பேக்கேஜ் மலிவாகக் கிடைக்கும், காரணம் இதுதான். ‘வானிலை காரணமாக ரத்தானால் பணம் திரும்பவா, வேறு தேதியா?’ என்பதை எழுத்தில் வாங்காமல் அந்த மலிவுக்கு மயங்கக் கூடாது. ‘வேறு தேதி’ என்றால் பயணத்தின் கடைசி நாளில் குரூஸை வைக்காதீர்கள், மாற்றிப்போட நாளே இருக்காது. முதல் அல்லது இரண்டாம் மாலையில் வையுங்கள். பௌர்ணமியை ஒட்டி நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அன்று சூரியன் மேற்கே மறையும் வேளையில் நிலா கிழக்கே எழும்பும், திரும்பிவரும் வழியெல்லாம் வெளிச்சம்.

வவுச்சரில் ‘எஸ்.ஐ.சி.’ என்று மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். டிராவல்ஸ்காரர்கள் பாஷையில் அதற்குப் பொருள் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு சீட்டு. ‘பிரைவேட்’ என்று இருந்தாலும், பிரைவேட் எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஓட்டலிலிருந்து துறைக்குப் போகும் கார் மட்டும் பிரைவேட், படகு பொது என்பது அடிக்கடி நடக்கிறது. படகே தனி என்றால் அதன் பெயர், எத்தனை அடி, அதில் வேறு யார் ஏறுவார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பொதுக் கப்பல் என்றால் தளத்தின் பெயரும் மேஜை எண்ணும் வேண்டும்: மேல்தளமா கீழ்த்தளமா, ஓரமா நடுவா. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் நல்லது, பக்கவாட்டில் குறைவாக ஆடும். நம் கட்டுமரம் என்ற சொல்தான் உலகம் சுற்றி அந்தப் பெயராகியிருக்கிறது. லங்காவிப் படகுகளில் பின்னால் வலை கட்டி, கடல்நீரில் நனைந்தபடி இழுத்துப் போவார்கள். பார்க்க அழகு. நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போடாமல் அதில் இறங்க வேண்டாம்.

சாப்பாட்டில் ‘வெஜ் அவைலபிள்’ என்ற சொல் நம்பத்தக்கது அல்ல. இந்தோனேசியாவில் தெராசி, மலேசியாவில் பெலாச்சான் என்று சொல்லும் இறால் விழுது, சம்பல் என்ற மிளகாய்த் துவையலிலும் நாசி கோரெங் என்ற ஃப்ரைட் ரைஸிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். தாய்லாந்தில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள். புரட்டாசி, சஷ்டி, கார்த்திகை என்று சைவம் காப்பவர்களுக்கு ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. ‘இறால் விழுது, மீன் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், முட்டை எதுவும் கூடாது’ என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும். தாய்லாந்தில் ‘ஜே’ என்றால் முழுச் சைவம், அந்த ஒரு சொல் நன்றாக வேலை செய்யும். ஏஜென்டிடம் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். படகு நடத்துபவருக்கே இரண்டு நாள் முன் எழுதுங்கள். பானங்கள் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள். இந்தோனேசிய மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேல் என்று பொருள். இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரை வரும்.

ஆலப்புழைக்கும் இதே பெயரில் விற்கிறார்கள், அங்கே விஷயம் வேறு. ஹவுஸ்போட் மாலை 5.30 வாக்கில் கரையில் கட்டப்பட்டுவிடும். இரவில் காயலில் மீனவர்கள் வலை போடுவார்கள், அதனால் காலை வரை நகராது. ஆக, ‘சன்செட் டின்னர் குரூஸ்’ என்று சொல்லி ஹவுஸ்போட்டை விற்றால், சூரியன் மறையும்போதும் நீங்கள் சாப்பிடும்போதும் அது தென்னை மரத்தில் கட்டிக் கிடக்கும். எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவார்கள் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். விலை குறைந்த படகுகளில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரைதான். ‘ஏசி ஹவுஸ்போட்’ என்றால் முழுநேரமா என்று கேளுங்கள். இருட்டிய பிறகும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறவே ஏறாதீர்கள். மலப்புரம் மாவட்டம் தானூரில் 2023 மே 7 அன்று, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல் ஆட்களோடு இருட்டும் நேரத்தில் ஓடிக் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். படகின் பக்கவாட்டில் பதிவு எண்ணும் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா, தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கால் வையுங்கள். எந்த நாடானாலும் இதையே செய்யுங்கள்.

பணம் கட்டும் முறையில் கண்டிப்பு வேண்டும். தனிநபர் பெயரில் உள்ள ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி எண் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33-இல் தொடங்கும், 15 எழுத்து-எண் இருக்கும். அங்கே வரும் நிறுவனப் பெயரும் பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரி பிடித்தால், அது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏற வேண்டும். ஏறச் சில மாதம் ஆகலாம், அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் ஏஜென்டிடம் கேளுங்கள். குரூஸ் மட்டும் என்றால் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல், படகு நடத்துபவரின் பெயர், பதிவு உறுதி எண், தொலைபேசி மூன்றும் வந்த பிறகு மீதியைக் கொடுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன் அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: ‘இந்தப் பெயர், இந்தத் தேதி, 2 பேர், மேல்தள ஓர மேஜை, சைவம், இத்தனை மணிக்குக் கிளம்பும், சரியா?’ அவர்கள் ‘அப்படி எதுவும் இல்லை’ என்றால் நீங்கள் இன்னும் காரைக்குடியில்தான் இருக்கிறீர்கள், ஏஜென்ட் கடை நடந்துபோகும் தூரம்.

அங்கே போய் ஏமாந்தது தெரிந்தால், சண்டை போட்டு அந்த மாலையையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். டிக்கெட், கவுன்டரில் உள்ள விலைப்பலகை, மேஜை, பஃபே, கிளம்பும்போது கடிகாரமும் வானமும், இவற்றைப் படம் எடுங்கள். அன்றிரவே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில், எது சொல்லப்பட்டது எது கிடைத்தது என்று இரண்டு வரியில் அனுப்புங்கள். போனில் பேசினால் பதிவு இருக்காது. ‘நல்ல சேவை’ என்று கையெழுத்துக் கேட்கும் படிவத்தில் போடாதீர்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், ஊர் திரும்பிய வாரமே. ஏஜென்ட் போனை அணைத்துவிட்டு மறைந்துவிட்டார், பணமும் ஆன்லைனில் போனது என்றால் மோசடி என்று புகார் செய்யுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆள் இருக்கிறார், பணம் தர மறுக்கிறார் என்றால் முதலில் 1915, நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும் சரி. காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு.