ஆர்டிசி (கடிகார) சிப்பில் எந்த நேரம் வைப்பது: ஐஎஸ்டியா, யுடிசியா?

ஊட்டி அருகே தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் நேரத்தைப் பதிவுசெய்ய ஒரு சின்ன லினக்ஸ் கணினிப் பலகை வைத்திருக்கிறோம். குளிரில் சாதாரணக் கடிகாரப் படிகம் மெதுவாக ஓடும், அதனால் வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டிஎஸ்3231 சிப். அது காட்டும் நேரத்தை யூனிக்ஸ் நேரமாக, அதாவது 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளாக மாற்ற வேண்டும். சிப்பில் இந்திய நேரமான ஐஎஸ்டி அல்ல, அதற்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரமான யுடிசிதான் வைத்தேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எதை வைத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். சிப்பில் இருப்பது பிசிடி எண், அதாவது ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக நான்கு பிட்டில் வைக்கும் முறை. 59 விநாடி பதினாறடிமான 59 ஆக இருக்கும், அப்படியே எடுத்தால் 89 என்று வரும். ஆண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம்தான்; சி மொழி ஆண்டை 1900-லிருந்தும் மாதத்தை 0-விலிருந்தும் எண்ணும், எனவே ஆண்டில் 100 கூட்டணும், மாதத்தில் 1 கழிக்கணும். சரி, இது எல்லாருக்கும் தெரிந்தது.

ஐஎஸ்டி வைத்தால் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை, ஒரே மணி இரண்டு தடவை வரும் குழப்பம் வராது. பிறகு என்ன தொல்லை என்றால், பராமரிப்பு. ஐஎஸ்டியை யூனிக்ஸ் நேரமாக மாற்ற வழக்கமாகப் போடுவது எம்கேடைம் (mktime) என்ற சி மொழிச் செயற்கூறு, அது கணினியின் நேர மண்டல அமைப்பை நம்பியிருக்கிறது. மெமரி கார்டு போய், புதிதாக லினக்ஸ் ஏற்றுகிறவர் மண்டலத்தை மாற்றாமல் யுடிசியிலேயே விட்டால், ஒவ்வொரு பதிவிலும் 19,800 விநாடி கூடிவிடும். காலை 5 மணி உறைபனி, வெயில் ஏறிய பத்தரைக்கு விழுந்ததாக நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரே கோப்பில் சரியானதும் தப்பானதும் கலந்து கிடக்கும், கார்டு மாற்றிய தேதி தெரியாவிட்டால் பிரிக்கவும் முடியாது.

யுடிசி வைத்து டைம்ஜிஎம் (timegm) என்ற செயற்கூற்றைப் போட்டால் அது மண்டலத்தைப் பார்க்கவே பார்க்காது. யார் பலகையை மாற்றினாலும் அதே எண்தான். ஐந்தரை மணி கூட்டுவது வரைபடம் வரையும்போது மட்டும். ஒரே பலவீனம், கையால் நேரம் வைக்கிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிடலாம், அதற்காகப் பெட்டி மூடியின் உள்பக்கம் 'யுடிசி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

விண்டோஸ் மட்டும் ஓடும் கணினி என்றால் அது உள்ளூர் நேரத்தைத்தான் எதிர்பார்க்கும், அங்கே ஐஎஸ்டியை அப்படியே விட்டுவிடுங்கள். லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் யுடிசிக்கு மாற்றலாம், ஆனால் அதை நான் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்லை.