மீன் குடலுக்கு ப்ரோபயாட்டிக் பொடி: மலைக் குளத்துக்கு வாங்கலாமா?

மதிப்பெண் 5-க்கு 3. அந்த மூன்றும் பொடிக்கு, அதாவது மீன் குடலுக்கு நல்லது செய்யும் உயிர் பாக்டீரியாக்களுக்கு. குறைத்த இரண்டும் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பேச்சுக்கு.

ஊட்டி, குன்னூர் பக்கம் கெண்டை வளர்ப்பவர்களுக்கு விற்கிற 500 கிராம் பாக்கெட்டுகளைப் பற்றித்தான் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் உள்ளே பெரும்பாலும் பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாக்கள். சிலவற்றில் லாக்டோபேசில்லஸும் உண்டு. மீதி வெறும் மாவு. பேசில்லஸ் மட்டும் உள்ளதை எடுங்கள். அது வித்து வடிவில் உறங்கும், சமவெளி குடோன் வெயிலில் கிடந்து மலையேறினாலும் சாகாது. லாக்டோபேசில்லஸ் அந்தச் சூட்டைத் தாங்காது.

‘பிளாஸ்டிக் நச்சை முறிக்கும்’ என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்குகள் தண்ணீரோடு மீனின் குடலுக்குள் போனால் உள்சுவரை உரசும், சளிப்படலத்தை மெலிய வைக்கும், வீக்கம் உண்டாக்கும், நல்ல நுண்ணுயிர்களின் விகிதத்தையும் கலைக்கும். பொடியில் உள்ள பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்னாது. கலைந்த கூட்டத்தைத் திரும்பச் சேர்க்கக் கொஞ்சம் உதவும், அவ்வளவே.

கேரட், உருளைத் தோட்டத்துக்குக் கீழே குளம் இருந்தால் கதை இன்னும் சிக்கல். தோட்டத்துக்குப் போடும் கோழி எருவில் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்து இருக்கலாம். கோழி தின்றதில் பெரும்பகுதி அப்படியே எச்சத்தில் வெளியேறிவிடும். மழைநீர் அதையும், கிழிந்த மல்ச்சிங் ஷீட் (பாத்தியை மூடும் பிளாஸ்டிக் தாள்), உரச்சாக்கு, நிழல்வலை நார்களையும் ஒன்றாக அடித்து வரும். வெயிலில் பழுத்துச் சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மருந்து நன்றாக ஒட்டிக்கொள்ளும். மீன் விழுங்கியதும் குடலில் அவிழும். துணுக்கின் மேல் பாசி போல் படியும் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காத மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது அதைவிட மோசம்.

ஆகவே பொடிக்கு முன் தண்ணீரைப் பாருங்கள். குளத்துக்கு வரும் குழாயில் ஒரு பக்கெட் பிடித்து, அடர்நிறப் பருத்தித் துணியில் வடிகட்டி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். சந்தேகமான நாரை ஊசி நுனியால் எடுத்து, அடுப்பில் காய்ச்சிய இன்னொரு ஊசியை அருகே கொண்டு போங்கள். பிளாஸ்டிக் என்றால் சுருண்டு உருகும். பஞ்சோ வேரோ என்றால் கருகும். (வீட்டில் ஃப்ளீஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் உங்கள் நாரையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.)

வடிகட்ட என்று கடையில் கூடவே தள்ளிவிடும் வெள்ளைப் பஞ்சு பாலியெஸ்டர். அதுவே நார் உதிர்க்கும். ஒரு டிரம்மில் கீழே 15 செ.மீ. ஜல்லி, மேலே 15 செ.மீ. பெருமணல், அதன்மேல் 30 செ.மீ. நுண்மணல் போட்டு, தண்ணீரை மெதுவாக இறக்குவது மேல். மேல்மணல் அடைத்தால் 2 செ.மீ. சுரண்டி அலசிப் போடுங்கள். மணல் நாரைப் பிடிக்கும், கரைந்த மருந்தைப் பெரும்பாலும் பிடிக்காது. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்ற உறிஞ்சும் கரி வேண்டும், அதுவும் நிறைந்ததும் மாற்ற வேண்டும்.

இனி அளவு. கிராமுக்கு 100 கோடி உயிரணு என்று போட்டிருந்தால் ஒரு கிலோ தீவனத்துக்கு 5 கிராம் போதும். கிராம் தீவனத்துக்கு 50 லட்சம் வரும். 15 மில்லி எண்ணெயில் குழைத்துத் தீவனத்தில் பிசறி, நிழலில் அரைமணி உலர்த்தி, அன்றே போட்டு முடியுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்த நொடியே பொடி கரைந்து போகும். வெந்நீரில் கரைக்கவே கூடாது.

குளிர்தான் இந்தப் பொடியின் பலவீனம். 12, 13 டிகிரித் தண்ணீரில் பேசில்லஸ் எழுந்திருக்கவே சோம்பும். மார்கழி, தையில் காசைக் கரைக்காமல் வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள்.

பாக்கெட்டில் ‘ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தும் தரலாம்’ என்று இருந்தால் அந்த வரி தவறு. மீனுக்குத் தரும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் இந்த பேசில்லஸையும் கொல்லும். மருத்துவர் சொன்ன நாட்கள், வழக்கமாக 10, முடிந்த மறுநாள் பொடியைத் தொடங்கி மூன்று வாரம் கொடுங்கள். மருந்து ஃபில்டரில் அமோனியாவை முறிக்கும் பாக்டீரியாவையும் அடிக்கும். அந்த நாட்களில் அமோனியா சோதனை அவசியம். விற்கும் மீனில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் எச்சம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. பொடி எச்சத்தைக் குறைக்காது.

பெரிய குறை பேக்கிங். 200 கிராம் எடையுள்ள 100 கெண்டைக்கு, உடல் எடையில் 2 சதவீதம் வீதம் நாளுக்கு 400 கிராம் தீவனம். பொடி 2 கிராம்தான். 500 கிராம் 250 நாள் வரும். பிரித்த பாக்கெட் ஆடி மழையில் அதற்குள் கல்லாகிவிடும். வாங்கியவுடன் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு இறுகிய கண்ணாடி ஜாடியில் வையுங்கள். அல்லது நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

குடல் தேறினால் எச்சம் தீவன நிறத்தில் குட்டையாக விழும். வெள்ளை நூலாக இழுபட்டுத் தொங்குவது மூன்று வாரத்துக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் பொடியை நிறுத்திவிட்டு, ஹெக்ஸமிட்டா போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று புது எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.