எக்ஸாஸ்டிர்: லினக்ஸ் கணினியில் ஹாம் ரேடியோ வரைபடம்

ஹாம் (பொழுதுபோக்கு) ரேடியோ நிலையங்களை வரைபடத்தில் காட்டும் எக்ஸாஸ்டிர் என்ற மென்பொருளை லினக்ஸ் கணினியில் நிறுவ இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதில் உருப்படியான ஒரு வரைபடத்தை வரவழைத்து, அதன் மேல் என் ரேடியோ நேரடியாகப் பிடித்த முதல் நிலையத்தைப் பார்ப்பதற்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. இந்த மென்பொருள் நமக்காக எதையும் ஊகித்துக்கொள்வதில்லை என்பதே அதற்குக் காரணம். முதல் மாலையில் அதைக் குறையாக எண்ணி எரிச்சலடைந்தேன். சில மாதங்களாகத் தினமும் ஓட்டிய பிறகு, அதே குணத்துக்காகத்தான் இதை நீக்காமல் வைத்திருக்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு சொல்: பாப் புருனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ் முறையில், ஒரு நிலையம் தன் இருப்பிடம், வானிலை அளவீடு, குறுஞ்செய்தி ஆகியவற்றைச் சிறு பாக்கெட்டுகளாக அனுப்புகிறது. வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸிலும் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் இவை ஒலிக்கின்றன. டிஜிபீட்டர்கள் அவற்றைக் கேட்டுத் திரும்ப ஒலிபரப்புகின்றன. ஐகேட்டுகள் இணையத்துக்குக் கடத்துகின்றன. எக்ஸாஸ்டிர் இந்தப் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படித்து வரைபடத்தில் குறியீடுகளாக வைக்கும் இலவச, திறமூல மென்பொருள்.

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்திலும் அதன் வழிவந்தவற்றிலும் இது ஆயத்தத் தொகுப்பாகவே கிடைக்கிறது. முதல் முறை நிறுவுவோர் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. மூல நிரலிலிருந்து தொகுக்க விரும்பினால், கன்ஃபிகர் கட்டளை முடியும்போது காட்டும் பட்டியலை வரி விடாமல் படிக்க வேண்டும். கிராஃபிக்ஸ்மேஜிக், கர்ல் போன்ற துணை நூலகங்களில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அது சொல்கிறது. இவற்றில் கிடைக்காத ஒன்றுக்காகத் தொகுக்கும் பணி நின்றுவிடாது. அந்த வசதி இல்லாமலேயே மென்பொருள் உருவாகிவிடும். பிறகு இணைய வரைபடம் ஏன் வரவில்லை என்று மெனுக்களில் தேடிப் பயனில்லை. முனையத்தில் எழுத்துரு இல்லை என்ற எச்சரிக்கைகள் குவிந்தால், எக்ஸ்11 என்ற பழைய வரைகலை அமைப்பின் காலத்து 75, 100 புள்ளி எழுத்துருத் தொகுப்புகளை நிறுவி, மீண்டும் உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதன்முறை திறந்தவுடன் கால்சைனையும் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) இருப்பிடத்தையும் கேட்கிறது. இங்கேதான் நான் வழுக்கினேன். அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பாகை, தசம நிமிடம் என்ற வடிவில் இது எதிர்பார்க்கிறது. கைப்பேசியோ தசமப் பாகையில் காட்டுகிறது. புள்ளிக்குப் பின்னிருந்த 50 என்ற எண்ணை நிமிடக் கட்டத்தில் அப்படியே இட்டேன். அரைப் பாகைக்கு 30 நிமிடம்தானே? இருபது நிமிடப் பிழையால் என் நிலையம் வடக்கே ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தள்ளிப்போய் நின்றது. அதே சாளரத்தில் இருக்கும் கணக்கிடும் பொத்தானை அழுத்தினால் எந்த வடிவத்தையும் மாற்றித் தருகிறது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மொழித் தேர்வில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகியவற்றோடு கடற்கொள்ளையர் ஆங்கிலமும் இருக்கிறது. இவ்வளவு விளையாட்டுக்கு இடம் கொடுத்தவர்கள் அந்தப் பொத்தானைச் சற்றுப் பெரிதாக வைத்திருக்கலாம்.

வரைபடப் பகுதிதான் இதன் உயிர். அதிகத் தலைவலியும் அங்கேதான். உடன் வரும் உலக வரைபடத்தில் நாடுகளின் எல்லைக்கோடுகளுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. மேப் சூசர் என்ற சாளரத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் 256 படப்புள்ளி சதுரத் துண்டுகள் இணையத்திலிருந்து இறங்கி வந்து தெருக்கள் வரை தெரிகின்றன. இறங்கியவை வட்டில் சேமிக்கப்படுவதால் மறுமுறை அதே இடத்துக்குப் போகும்போது காத்திருக்க வேண்டியதில்லை. இணையம் அற்றுப்போகும் நாளுக்காக முழு மாவட்டத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சேவையகங்கள் அத்தகைய மொத்த இறக்கத்தை அனுமதிப்பதில்லை. அதற்குச் சரியான வழி, கோடுகளும் புள்ளிகளும் தரவாகச் சேமிக்கப்பட்ட ஷேப்ஃபைல் வரைபடங்கள். சாலை, ஆறு, எல்லை என்று தனித்தனிக் கோப்புகளைக் கிடைக்கும் இடத்தில் பெற்று, மென்பொருளின் மேப்ஸ் கோப்புறையில் வைத்து, அட்டவணையைப் புதுப்பிக்கச் சொன்னால் அவை பட்டியலில் தோன்றும்.

தோன்றுவது வேறு, ஒழுங்காகத் தெரிவது வேறு. ஷேப்ஃபைலின் தரவுப் பத்திகளைப் பார்த்து எந்தக் கோடு நெடுஞ்சாலை, எது சந்து, எதற்கு என்ன நிறம் என்று முடிவு செய்யும் விதிகளை டிபிஎஃப்ஆக் என்ற சிறு கோப்புகளில் எழுதித் தர வேண்டும். பத்திகளின் பெயர்கள் விதிக்கோப்பில் உள்ளவற்றோடு அச்சாகப் பொருந்தாவிட்டால் எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி வரையப்பட்டு, வரைபடம் நூற்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. ஆனால் விதி பொருந்திய பிறகு, எந்த அடுக்கு மேலே, எந்த உருப்பெருக்கத்தில் எது மறைய வேண்டும், எதற்குள் நிறம் நிரப்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு வரைபடத்துக்கும் தனியாகத் தீர்மானிக்க முடிகிறது. இணையமே இல்லாமல், வேண்டிய விவரங்கள் மட்டும் உள்ள ஒரு வரைபடம் கையில் இருப்பதன் அருமை, வெள்ளமோ புயலோ வந்து கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்த வேளையில் ரேடியோ எடுத்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஏபிஆர்எஸ் இணையச் சேவையகத்தோடு இணைப்பது எளிது. 14580 என்ற வாயில் (போர்ட்) எண்ணையும் கால்சைனிலிருந்து கணக்கிடப்படும் கடவு எண்ணையும் தர வேண்டும். பார்க்க மட்டும் விரும்பினால் கடவு எண்ணாக கழித்தல் 1 போதும். வடிகட்டிக் கட்டத்தைக் காலியாக விட்டால் இந்த வாயிலில் ஏறக்குறைய எதுவும் வராது. மென்பொருள் பழுது என்று பலர் நினைப்பது இதனால்தான். என் இருப்பிடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு சிறு சரம் எழுதியவுடன் திரை நிறைந்துவிடுகிறது.

ரேடியோவை இணைப்பதற்குத் தனியான மோடம் பெட்டி இல்லாதவர்கள் டயர்வுல்ஃப் என்ற மென்பொருளைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ஒலி அட்டையில் வரும் சத்தத்தைப் பாக்கெட்டாக மாற்றுவது அதன் வேலை. எக்ஸாஸ்டிரில் ஏஜிடபிள்யூபிஇ என்ற பிணைய இடைமுகத்தைச் சேர்த்து, 8000 என்ற வாயிலைக் குறிப்பிட்டால் இரண்டும் பேசிக்கொள்கின்றன. பேசிக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் குற்றம் மென்பொருளில் இருப்பதில்லை. ரேடியோவின் ஸ்குவெல்ச் (அலை வராத வேளையில் இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்திருக்க வேண்டும். இல்லையேல் அது திறப்பதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். கைரேடியோவில் மின்கலச் சேமிப்பு முறையை அணைத்துவிட வேண்டும். டயர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காட்டும் ஒலி அளவு 50-ஐ ஒட்டி இருக்கும்படி ஒலியைக் குறைத்துக் கூட்ட வேண்டும். ரேடியோவின் அனுப்பும் பொத்தானை யுஎஸ்பி வழியாக இயக்குவோர் தங்கள் பயனர் பெயரை, அதற்கு அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்க்க மறந்தால் அனுமதி மறுப்புப் பிழைதான் வரும். அதற்கு அஞ்சி நிர்வாகி உரிமையோடு எக்ஸாஸ்டிரை ஒருமுறை திறந்தேன். அமைப்புக் கோப்புகள் நிர்வாகியின் உடைமையாகி, மறுநாள் என் மாற்றங்கள் எதுவும் சேமிக்கப்படவில்லை. கோப்புறையின் உடைமையை மாற்றிய பின்தான் வழிக்கு வந்தது.

எந்த இடைமுகத்தையும் சேர்க்கும் முன், மெனுவில் அனுப்புதல் அனைத்தையும் முடக்கும் தெரிவை இட்டுவைப்பது என் வழக்கம். குறியீடு, பாக்கெட் செல்லும் டிஜிபீட்டர் பாதை, பீக்கன் (தானாகப் போகும் இருப்பிட அறிவிப்பு) இடைவெளி ஆகியவை சரியென்று உறுதியான பிறகே அதை எடுக்கிறேன். அசையாத ஒரு வீட்டு நிலையம் நிமிடத்துக்கொரு முறை தன் இருப்பிடத்தை அறிவித்து, பொது அலைவரிசையை அடைத்துக்கொள்வதைப் போன்ற அநாகரிகம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை. ஒரு முகாமையோ சோதனைச்சாவடியையோ பொருளாக வரைபடத்தில் குறித்து மற்றவர்கள் திரைகளுக்கும் அனுப்பும் வசதி இதில் மிக நேர்த்தி. பேரிடர்ப் பயிற்சிகளுக்கு நான் இதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான்.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், மோட்டிஃப் என்ற பழைய சாளர நூலகத்தில் கட்டப்பட்ட இதன் சாளரங்கள் 1990-களிலேயே நின்றுவிட்டன. அடர்த்தி மிகுந்த புதிய திரைகளில் மெனு எழுத்துகள் எறும்புபோல் தெரிகின்றன. எழுத்துருவை மாற்றலாம், பொத்தான்களின் சின்ன அளவுக்கு மருந்தில்லை. ஒரு சாளரத்தில் செய்ய வேண்டியதற்கு மூன்று சாளரங்களைத் திறக்க வைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் கனமில்லாமல் ஓடுவது அதே பழமையின் இன்னொரு பக்கம்.

நண்பரின் கார் எங்கே போகிறது என்று பார்ப்பது மட்டுமே தேவையென்றால் இணைய உலாவியில் ஏபிஆர்எஸ் வரைபடத் தளங்கள் இருக்கின்றன. எக்ஸாஸ்டிருக்கு இரண்டு மாலைகளைக் கொடுக்க வேண்டாம். ஜாவாவில் எழுதப்பட்ட யாக் என்ற மாற்று, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. விதிக்கோப்பு எழுதப் பொறுமையில்லாதவர்கள் அதை முதலில் பார்க்கலாம். ரேடியோவிலிருந்து வந்தது எது, இணையத்திலிருந்து வந்தது எது, எந்த டிஜிபீட்டர் வழியாக வந்தது என்று ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு நான் எக்ஸாஸ்டிரையே சொல்வேன். வரும் பாக்கெட்டுகளை உள்ளபடியே காட்டும் சாளரம் ஒன்று இதில் உண்டு. வரைபடத்தைவிட அதைத்தான் இப்போது அதிகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.