விடுமுறைப் பட்டியல்: தினசரி காலண்டர், அரசாணை, ரிசர்வ் வங்கிப் பக்கம், கைப்பேசி. எதை எதற்கு நம்பலாம்?

நாளைக்கு லீவா என்று பார்க்கத் தமிழ்நாட்டில் நான்கு இடங்கள் இருக்கின்றன. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், தமிழ்நாடு அரசின் விடுமுறை அரசாணை, ரிசர்வ் வங்கி இணையதளத்தின் விடுமுறைப் பக்கம், கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் காலண்டர். நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒத்துப்போகாது. அச்சுப்பிழை காரணமில்லை. விடுமுறை என்பது யாருக்கு என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. பதிவு அலுவலகத்துக்கா, வங்கிக்கா, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கா, நூற்பாலைக்கா என்று முதலில் கேட்டுக்கொண்டால் எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அரசாணையிலிருந்து தொடங்குவோம், மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து எடுத்தவை. அடுத்த ஆண்டுக்கான பட்டியலை மாநில அரசு வழக்கமாக அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெளியிடுகிறது. தேதி, கிழமை, விழாவின் பெயர் என மிகத் தெளிவான பட்டியல். 2021 முதல் தைப்பூசமும் அதில் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது ஏப்ரல் 1-க்கான வரி. வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்கான நாள் அது. வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் மட்டுமே பொருந்தும். அன்று தாலுகா அலுவலகம் திறந்திருக்கும்.

அரசாணையின் குறை, அது பிறகு திருத்தப்படும் என்பது. 2023-இல் விநாயகர் சதுர்த்தி முதலில் செப்டம்பர் 17 என்று இருந்தது. அன்று ஞாயிறு. பின்னர் அது 18 திங்கள் என மாற்றப்பட்டு, வாரநாள் ஒன்று விடுமுறையானது. 2024-இல் மிலாடி நபி செப்டம்பர் 16-லிருந்து 17-க்கு மாறியது. ரம்ஜான், பக்ரீத், மொகரம், மிலாடி நபி நான்கும் பிறை பார்த்து முடிவாகிறவை; தலைமைக் காஜியின் அறிவிப்பு வரும்வரை பட்டியலில் உள்ள தேதியை உத்தேசமாகவே கொள்ள வேண்டும். இந்த நான்கு நாள்களை ஒட்டிப் பத்திரப்பதிவோ பயணமோ வைப்பவர்கள் ஒரு நாள் முன்பின் இடம் விட்டுத் திட்டமிடுவது நல்லது.

தினசரி காலண்டருக்கு வருவோம். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே புத்தாண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். ஆனால் விடுமுறை நாள்கள் அரசு அறிவிப்பு வந்த பிறகே உறுதியாகும். ஆகவே அட்டையிலோ உள்தாளிலோ அச்சிட்டிருக்கும் ‘அரசு விடுமுறை நாட்கள்’ அந்த அரசாணையின் நேர்ப்பதிவு. அன்றாடப் பயனுக்கு இதுவே மிக வசதி: நல்ல நேரம், எமகண்டத்தோடு அந்த நாள் விடுமுறை என்பதும் சிவப்பு எழுத்தில் கண்ணில் படும். ஆனால் அச்சான தாள் திருந்தாது. 2023 செப்டம்பர் 18-ஆம் தேதிக்கான தாள் சாதாரண வேலைநாளாகவே இருந்தது. பட்டியலில் திருத்தம் என்று செய்தி வரும்போது அந்தத் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், போதும். இன்னொன்று, பண்டிகைப் பட்டியலையும் அரசு விடுமுறைப் பட்டியலையும் சில காலண்டர்கள் அடுத்தடுத்து அச்சிடுகின்றன. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை இரண்டிலும் வரும். வைகுண்ட ஏகாதசி, ஆடி அமாவாசை எல்லாம் முதல் பட்டியலில் மட்டுமே. அங்கே பார்த்துவிட்டு லீவு என்று எண்ணிவிடக் கூடாது.

வங்கி வேலைக்கு நம்ப வேண்டியது ரிசர்வ் வங்கியின் பக்கத்தைத்தான். நான்கில் துல்லியத்துக்கு முதலிடம் அதற்கே. வாசிக்கத் தெரியாவிட்டால் தவறாக வழிநடத்துவதும் அதுவே. மேலே மண்டல அலுவலகத்தையும் மாதத்தையும் தேர்வு செய்யும் கட்டங்கள் இருக்கும். மாநிலப் பெயரைத் தேடினால் கிடைக்காது. சென்னை என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு வரும் அட்டவணையில் ஊர்ப் பெயர் இடப்பக்கம், தேதிகள் மேல்வரிசை, விடுமுறை இருந்தால் கட்டத்தில் குறி. எந்த விழாவுக்கு என்பது கீழே தனியாக இருக்கும். அந்தக் கீழ்ப்பட்டியலில் ஒரே தேதிக்கு வெவ்வேறு மாநிலங்களின் விழாக்களை ஒரே வரியில் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஏப்ரல் 14-இல் அம்பேத்கர் பிறந்தநாள், தமிழ்ப் புத்தாண்டு, விஷு, பிஹு எல்லாம் ஒரே வரி. பார்க்க வேண்டியது கட்டத்தில் உள்ள குறியை.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ‘அடுத்த மாதம் வங்கிகளுக்கு 15 நாள் விடுமுறை’ என்று செய்தி ஓடுகிறதே, அது பிறப்பது இந்தப் பக்கத்தில்தான். அகர்தலாவுக்கு ஒரு நாள், ஷில்லாங்குக்கு ஒரு நாள், பாட்னாவுக்கு ஒரு நாள் என எல்லா ஊரையும் கூட்டி, ஞாயிறுகளையும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் சேர்த்தால் அந்த எண் வரும். சென்னை வரிசையில் மட்டும் எண்ணிப் பாருங்கள், மிகச் சில நாள்களே இருக்கும். இரண்டாம், நான்காம் சனி விடுமுறை 2015 செப்டம்பர் 1-இல் தொடங்கியது. முதல், மூன்றாம் சனி வேலைநாள். மாதத்தில் ஐந்தாவது சனி வந்தால் அதுவும் வேலைநாளே.

கிளை மூடியிருந்தால் பணம் நகராது என்ற எண்ணமும் இப்போது பொருந்தாது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதலும் இரவு பகல் எல்லா நாளும் இயங்குகின்றன. 2021 ஆகஸ்ட் 1 முதல், தவணைகளைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் நாச் முறைப் பிடித்தமும் எல்லா நாளும் நடக்கிறது. அதாவது மாதத் தவணைத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தாலும் அன்றே கணக்கிலிருந்து எடுக்கப்படலாம். திங்களன்று பணம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தவணை திரும்பி, அபராதமும் சேரும். முந்தைய வேலைநாளிலேயே இருப்பு வைத்துவிடுங்கள்.

வங்கி விடுமுறைக்கு அடிப்படை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 25. கடனுறுதிச் சீட்டோ (புரோநோட்) மாற்றுச் சீட்டோ முதிரும் நாள், அதாவது பணம் தர வேண்டிய நாள், பொது விடுமுறையானால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே முதிர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. இதற்கு நேர் எதிர்த்திசை 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் பிரிவு 10: நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ ஒன்றைச் செய்யக் கடைசி நாள் மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாள் செய்தாலும் செல்லும். சீட்டு முன்னால் போகும், மனு பின்னால் போகும். வியாபாரிகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது.

இனி உள்ளூர் விடுமுறை. மேலே சொன்ன நான்கில் எதிலும் இதை எதிர்பார்க்க முடியாது. மாவட்ட ஆட்சியர் தனித்தனியாக அறிவிப்பது இது: தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5-இல் பனிமய மாதா திருவிழா, கன்னியாகுமரி மாவட்டத்தில் டிசம்பர் 3-இல் கோட்டாறு சவேரியார் திருவிழா, திருச்சியில் ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி, இப்படி. அறிவிப்பில் மூன்று பகுதிகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒன்று, ஈடுசெய்யும் வேலைநாள்; பெரும்பாலும் பின்னால் வரும் ஒரு சனிக்கிழமை. இரண்டு, தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பொருந்தாது என்ற வரி. மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுவது: ‘செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படவில்லை’ என்ற வாசகம். பொருள் நேரடியானது, வங்கிகள் திறந்திருக்கும். கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசரப் பணிக்காகக் குறிப்பிட்ட ஆள்களோடு இயங்கும். விடுமுறை ஒரு மாவட்டத்தோடு முடியும், சிலசமயம் சில வட்டங்களோடு மட்டும். பக்கத்து மாவட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு அன்று வழக்கமான நாள்தான். மாவட்ட நிர்வாகத்தின் செய்திக் குறிப்பை நேரில் படிப்பதே சரி; வாட்ஸாப்பில் வரும் படத்தில் போன ஆண்டின் குறிப்பு சுற்றுவது உண்டு, தேதியையும் கிழமையையும் ஒத்துப்பாருங்கள்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு இன்னொரு கணக்கு. எல்லோருக்கும் பொதுவான 14 நாள்கள், 12 விழாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து மாநிலத் தலைநகரில் உள்ள ஒருங்கிணைப்புக் குழு தேர்வு செய்யும் 3 நாள்கள். ஊழியர் தம் விருப்பத்துக்கு எடுக்கும் ஆர்.எச். 2 நாள்கள் தனி. மாநில அரசு ஊழியருக்கு அது 3. புத்த பூர்ணிமாவும் குருநானக் ஜெயந்தியும் அந்த 14-இல் இருப்பதால் அன்று பாஸ்போர்ட் அலுவலகம் மூடியிருக்கும்; எதிரிலிருக்கும் மாநில அரசு அலுவலகம் திறந்திருக்கும். பொங்கலோ அந்த 12 விழாக்களின் பட்டியலில்தான் வருகிறது.

கைப்பேசிக் காலண்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இந்திய விடுமுறைகள்’ என்று வருவது எல்லா மாநிலத்தின் விழாக்களும் கலந்த தொகுப்பு. ரத யாத்திரையும் சத் பூஜையும் சென்னையில் இருப்பவருக்கும் தெரியும். உழவர் திருநாளைத் தேட வேண்டியிருக்கலாம். பண்டிகை வாழ்த்து அனுப்ப உதவும். அலுவலகம் திறந்திருக்குமா என்று பார்க்க இதை எடுக்காதீர்கள்.

தனியார் தொழிலாளர்களுக்கு இந்த நான்குமே நேரடியாகப் பொருந்தாது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைக்காக ஐந்தும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைகள். மொத்தம் ஒன்பது. அரசாணையில் இருபதுக்கு மேல் இருக்கிறதே என்று அதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. ஆனால் இந்த ஒன்பதில் ஒரு நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் நிறுவனம் ஒட்டும் பட்டியலே இவர்களுக்கான ஆவணம்; அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குச்சந்தையில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கிப் பக்கத்தில் சென்னையோடு மும்பை வரிசையையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி 19 சத்ரபதி சிவாஜி ஜெயந்தி அன்று மும்பையில் வங்கி விடுமுறை. சந்தையில் வர்த்தகம் நடக்கும், பணத் தீர்வு மட்டும் நடக்காது. முந்தின நாள் விற்ற பங்குக்கு அன்று பணம் வராது. அந்தப் பணத்தை நம்பி 19-ஆம் தேதிக்குச் செக் கொடுத்துவிடக் கூடாது.