டியூப்லெஸ் பஞ்சர் கிட்: ஒரு மதிப்பீடு

காரின் ஒரே டயர் திரும்பத் திரும்பப் பஞ்சரானதால் வாங்கிய டியூப்லெஸ் பஞ்சர் கிட், சொன்ன வேலையைச் செய்கிறது; ஆனால் அந்த வேலையின் எல்லை எதுவென்று பெட்டியின் மேல் எங்கும் சொல்லவில்லை. துளையை அரத்தால் நன்றாகத் தேய்த்து, பிசுபிசுப்பான ரப்பர் திரியை ஊசியில் கோத்து, இரு முனைகளும் சிறிது வெளியே நிற்கும்படி அழுத்திச் செருகி, ஊசியை வெடுக்கென இழுத்தால் திரி உள்ளேயே தங்கிவிடுகிறது. எஃகுக் கம்பிப் பின்னல் கொண்ட ரேடியல் டயரில் அரத்தை நுழைக்கவே முழு பலமும் தேவைப்படுவதால், கைப்பிடி உலோகத்தில் இருப்பது பெரிய நிம்மதி. (பிளாஸ்டிக் பிடி என்றால் இந்த இடத்தில்தான் முறியும்.)

பிறகு சோப்பு நீர் தெளித்துப் பார்த்தபோது திரியைச் சுற்றி ஒரு குமிழிகூட இல்லை. வால்வின் அடியில் மட்டும் சிறு குமிழிகள் விடாமல் எழுந்தன. அடிக்கடி காற்று இறங்குவதற்கு எப்போதும் ஆணிதான் காரணம் என்றில்லை. வால்வோ துருவேறிய ரிம்மின் விளிம்போ கசிந்தால் எத்தனை திரி செருகினாலும் பயனில்லை. பக்கச்சுவரில் விழுந்த துளைக்கும், 6 மி.மீ.க்கு மேற்பட்ட துளைக்கும் இது ஏற்றதல்ல. வெளியிலிருந்து செருகும் திரியைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ள வேண்டும். டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சோதித்து, காளான் வடிவப் பேட்ச் வைப்பதே நிலையான பழுதுநீக்கம். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் புடைப்புகள்) தேய்ந்து 1.6 மி.மீ. உயரமே மிஞ்சிய டயருக்கு இரண்டுமே வீண்.

டிக்கியில் வைத்திருக்கத் தகுந்த பொருள்தான் என்றாலும், காற்றடிக்கும் பம்பைத் தனியாக வாங்க வைப்பது எரிச்சலூட்டுகிறது.